நார்க் கஞ்சா கிழக்கில் விளையுமா? விளைந்தால் தண்டை உரிப்பது யார்?

இலங்கையின் மேல் மாகாணத்திலுள்ள மீரிகமவில் ஏற்றுமதிக்காக மருத்துவக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 2025இல் அனுமதி கொடுக்கப்பட்டது. அந்தச் செய்தியோடு "ஹெம்ப்", அதாவது நார்க் கஞ்சா, என்ற சொல்லும் சேர்ந்து வந்தது. துணி, காகிதம், காரின் கதவுப் பலகை, வீட்டுச் சுவர் எல்லாம் அதிலிருந்து செய்யலாம், தண்ணீர் குறைவு, பூச்சிமருந்து தேவையில்லை என்று காணொளிகள் சொல்கின்றன. கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலோ அம்பாறையிலோ இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி வைத்திருப்பவர், சோளத்துக்கும் கச்சானுக்கும் (நிலக்கடலை) பதிலாக இதைப் போட்டால் என்ன என்று கேட்பது நியாயம். பதில் சொல்ல, செடியிலிருந்து தொடங்கித் தொழிற்சாலை வாசல் வரை போகவேண்டும். சிக்கல் பெரும்பாலும் வயலில் இல்லை; அறுவடைக்குப் பிந்திய ஆறு கிழமைகளில் இருக்கிறது.

## முதலில் எது எது என்று பிரிப்போம்

பேச்சில் நான்கு பொருள்கள் கலந்துபோகின்றன.

1. மருத்துவக் கஞ்சா. அறுவடை செய்வது பெண் பூவை. செடிகள் தள்ளித் தள்ளி, கிளை விட்டு வளரும். மீரிகமச் செய்தி இதைப் பற்றியது.
2. ஹெம்ப் அல்லது நார்க் கஞ்சா. தாவர இனம் அதேதான். ஆனால் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்த வகைகள். அறுவடை செய்வது தண்டையும் விதையையும்.
3. சணல் பசளைச் செடி. மஞ்சள் பூப் பூக்கும் அவரைக் குடும்பத்துச் செடி. கஞ்சாவோடு எந்த உறவும் இல்லை. வயலில் மடக்கி உழுவதற்குப் போடுகிறார்கள், நாரும் எடுக்கலாம்.
4. சாக்குச் சணல். வங்காளத்தில் விளைந்து சாக்காகவும் கயிறாகவும் வருவது. இது வேறு குடும்பம்.

இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. மூன்றாவது, பின்பாதியில் முக்கியமாக வரும்.

ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உலர்ந்த எடையில் 0.3% டி.எச்.சி.யை எல்லையாக வைத்திருக்கின்றன. சுவிட்சர்லாந்து 1% வரை அனுமதிக்கிறது. எல்லை ஒரு சட்டக் கோடு. செடியை வெளியே பார்த்து அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

## சட்டம்

1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை, 28ஆம் உறுப்புரையில், நாருக்கும் விதைக்கும் கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆகவே சர்வதேச ரீதியில் தடை இல்லை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாருக்கும் விதைக்கும் பயிரிட அனுமதி கொடுக்க இடம் வைத்தது. அதைக் கொண்டுதான் உத்தரகண்ட் மாநிலம் உரிமம் வழங்குகிறது.

இலங்கையில் நிலை வேறு. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச்சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் செடியை முழுதாகவே பிடிக்கின்றன. குறைந்த டி.எச்.சி. உள்ள நார் வகை என்று தனிக் கோடு இல்லை. உரிய அனுமதி கையில் இல்லாமல் ஒரு பாத்தி போட்டாலும், "இது ஹெம்ப்" என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது. இணையத்தில் விதை வாங்கி முயன்று பார்க்க நினைக்கும் இளைஞர்கள் இதை மிகக் கவனமாக மனதில் வைக்கவேண்டும். மீரிகம அனுமதி, குறிப்பிட்ட முதலீட்டாளர்களுக்குக் குறிப்பிட்ட வேலிக்குள் கொடுத்தது. அது மற்ற எவருக்கும் நீளாது.

## தண்டுக்குள் இருப்பது என்ன

ஹெம்ப் தண்டை முறித்தால் இரண்டு பகுதி தெரியும். வெளியே பட்டை, அதில் நீளமான நார்க் கற்றைகள். உள்ளே பொருக்குப்போன்ற வெள்ளை மரம். இதைச் சக்கை என்போம். உலர்ந்த தண்டின் எடையில் நார் 25 முதல் 30% வரை. சக்கை 60 முதல் 70% வரை. மிச்சம் தூசு.

பட்டைநாரில் செலுலோஸ் ஏறத்தாழ 70%. மரச்சத்தான லிக்னின் 5% அளவுதான். அதனால் நார் வலுவாகவும் வளையவும் இருக்கிறது. சக்கையில் லிக்னின் 20%ஐத் தாண்டும். அது நூலுக்கு உதவாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும், இலேசானது. கட்டடச் சுவருக்கும் மாட்டுக் கொட்டிலில் பரப்பவும் போவது அதுதான்.

நாரையும் சக்கையையும் பிணைத்து வைப்பது பெக்டின் என்ற பசைப்பொருள். முழு ஹெம்ப் தொழிலும் இந்தப் பசையைக் கரைப்பதில் தங்கியிருக்கிறது.

## நமது பகல் நீளம் செய்யும் வேலை

காணொளிகளில் காட்டும் மூன்று மீற்றர் உயர ஹெம்ப் வயல்கள் பிரான்சிலோ கனடாவிலோ வடசீனாவிலோ இருப்பவை. அங்கே ஜூன் மாதத்தில் பகல் 15, 16 மணி நேரம். ஹெம்ப் குறும்பகல் செடி. பகல் ஏறத்தாழ 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்வரை பூக்காமல் உயர்ந்துகொண்டே போகும். பூத்தவுடன் உயரம் நின்றுவிடும்; நாரும் முற்றிக் கரடாகும்.

மட்டக்களப்பில் ஜூன் மாதத்து நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 35 நிமிடம்தான். டிசம்பரில் 11 மணி 40 நிமிடம். ஆண்டின் எந்த நாளிலும் செடிக்கு "இன்னும் பூக்காதே" என்று சொல்லும் பகல் நமக்கு இல்லை. ஐரோப்பிய வகை விதையை இங்கே போட்டால், ஒன்றரை மாதத்துக்குள், இடுப்பளவு வருமுன்பே பூத்துவிடும். இது உரத்தாலோ தண்ணீராலோ திருத்தக்கூடிய குறை அல்ல. வெப்பவலயத்துக்காகத் தேர்ந்தெடுத்த வகைகள் வேண்டும். தாய்லாந்தின் வடக்கு மலைப்பகுதிகளிலும் சீனாவின் யுன்னானிலும் அப்படிப்பட்ட வகைகள் உருவாகியுள்ளன. அவையும் நமக்கு வடக்கே, உயரமான, குளிர்ந்த இடங்களுக்கு உரியவை. இங்கே பரீட்சித்து எடுத்த வகை வராதவரை விளைச்சல் பற்றிய எந்த வாக்குறுதியும் ஆதாரமற்றது.

மற்றத் தேவைகள்:

1. நிலம். நீர் தேங்காத, பி.எச். 6 முதல் 7.5 வரை உள்ள மண். பெரும்போகத்தில் தண்ணீர் நிற்கும் வயல் சரிவராது. இளஞ்செடி இரண்டு நாள் நீரில் நின்றாலே மஞ்சளாகி மடியும். உப்புப் பிடித்த வாவிக்கரைக் காணியும் ஆகாது. மிஞ்சுவது மேட்டுக்காணி.
2. விதை. நாருக்கு ஹெக்டேயருக்கு 40 முதல் 60 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோ. வரிசை இடைவெளி 10 முதல் 15 செ.மீ, ஆழம் 2 முதல் 3 செ.மீ. நெருக்கமாகப் போட்டால்தான் கிளை விடாமல் மெலிந்து உயரும், களையும் அமுங்கும்.
3. தண்ணீர். ஒரு பயிருக்கு 500 மி.மீ. அல்லது அதற்கு மேல். ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் 20 இலட்சம் லீற்றர். நெல்லைவிடக் குறைவு. ஆனால் சிறுபோகத்தில் மேட்டுக்காணிக்கு அந்தத் தண்ணீரைக் கிணற்றிலிருந்துதான் இறைக்கவேண்டும். "தண்ணீர் தேவையில்லை" என்பது பொய்.
4. உரம். ஹெக்டேயருக்கு 60 முதல் 120 கிலோ நைதரசன். உரமே வேண்டாத பயிர் என்று சொல்வோர் இதையும் மறைக்கிறார்கள்.

இதற்கு மேல் மகரந்தப் பிரச்சினை. ஹெம்ப் காற்றால் மகரந்தம் பரப்பும் செடி. பல கிலோமீற்றர் போகும். எங்காவது காட்டுக்குள் ஒளித்து வளர்க்கும் போதைக் கஞ்சாவின் மகரந்தம் வந்து சேர்ந்தால், அந்த விதையிலிருந்து வரும் அடுத்த பயிர் எல்லையைத் தாண்டலாம். எல்லை தாண்டிய பயிரைப் பல நாடுகளில் அழிக்கவேண்டிவரும், நட்டம் விவசாயிக்கு. ஆகவே வீட்டில் விதை எடுத்து வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் சான்றுள்ள விதை வாங்கவேண்டும்.

## ஊறப்போடுதல்: நார் பிழைப்பதும் கெடுவதும் இங்கே

அறுத்த தண்டிலிருந்து நாரைப் பிரிக்க, பெக்டினை நுண்ணுயிர்கள் தின்னவேண்டும். தும்புக்காகத் தென்னை மட்டையை ஊறப்போடுபவர்களுக்கு இது புதிதல்ல. ஹெம்ப்புக்கு இரண்டு வழி.

பனியில் கிடத்துதல். தண்டை வயலிலேயே பரப்பி, 2 முதல் 6 கிழமை விட்டு, இடையில் புரட்டிப் போடுவது. இரவுப் பனியும் பகல் வெயிலும் மாறிமாறி வந்தால் பூஞ்சணம் வேலை செய்யும். ஐரோப்பாவில் பெரும்பாலும் இதுதான். இங்கே இது ஏன் கடினம் என்றால், சிறுபோக அறுவடை விழும் ஜூன், ஜூலையில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும். சூடான, உலர்ந்த அந்தக் காற்றில் தண்டு இரண்டு நாளில் காய்ந்து விறகாகிவிடும். பூஞ்சணத்துக்கு ஈரம் இல்லை. பெரும்போகத்தில் அறுத்தாலோ, நவம்பர் முதல் ஜனவரி வரை மழை விடாது. தண்டு மண்ணில் ஒட்டி, பசையோடு செலுலோசும் அழுகி நார் கறுத்து அறும். நடுவே கிடைக்கும் பெப்ரவரி, மார்ச் நாட்கள் மட்டுமே ஓரளவு பொருந்தும்.

தண்ணீரில் ஊறப்போடுதல். நமது தண்ணீர் வெப்பம் 28 முதல் 32 பாகை செல்சியஸ். ஒரு கிழமை முதல் இரண்டு கிழமைக்குள் வேலை முடியும். முறை இது:

1. தண்டுகளைக் கையளவு கட்டுகளாகக் கட்டி, இலை உதிர இரண்டு மூன்று நாள் வயலில் நிறுத்துதல். இலையோடு போட்டால் தண்ணீர் அளவுக்கு மீறிப் புளிக்கும்.
2. அடித்தண்டு தடிப்பு, நுனி மெல்லியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படுக்கப்போட்டால் நுனி அழுகும்போது அடி பச்சையாக இருக்கும். அதனால் முதலில் அடிப்பக்கம் மட்டும் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும்படி ஒன்றிரண்டு நாள் நிறுத்தவேண்டும்.
3. பிறகு படுக்கவைத்து, மேலே 10 முதல் 15 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி அமுக்குதல். பாரத்துக்குக் கல் அல்லது சீமெந்துக் கட்டை. சேறும் வாழைத்தண்டும் வைக்கக்கூடாது; சேற்றிலுள்ள இரும்பும் வாழையின் துவர்ப்பும் சேர்ந்து நாரைக் கறுப்பாக்கும். அந்தக் கறை போகாது, விலை இறங்கும்.
4. தண்டின் எடையைப்போல 20 மடங்கு தண்ணீர் இருக்கவேண்டும். குறைந்தால் அமிலம் சேர்ந்து வேலை நின்றுவிடும்.
5. நான்காம் நாளிலிருந்து தினமும் பரிசோதனை. கட்டின் நடுவிலிருந்து ஒரு தண்டை எடுத்து, அடியிலிருந்து ஒரு சாண் மேலே முறிக்கவேண்டும். பட்டையை விரலால் பிடித்து நுனி நோக்கி இழுத்தால் அது நாடாவாக ஒரே இழுப்பில் வந்து, உள்மரம் வழவழப்பாக, ஈரமாக, நார்ப் பிசிறு ஒன்றும் ஒட்டாமல் நிற்கவேண்டும். பிசிறு ஒட்டியிருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. நாடாவே துண்டு துண்டாக அறுந்தால் காலம் தாண்டிவிட்டது.
6. பதம் வந்த அன்றே எடுத்து, உரித்து, ஓடும் தண்ணீரில் அலசி, கொடியில் காயவிடுதல். ஒரு நாள் தாமதமும் இந்த வெப்பத்தில் வலுவைக் குறைக்கும்.

இதில் ஒரு பெரிய விலை உண்டு. ஊறிய தண்ணீர் கறுத்து நாறும். அதில் ஒட்சிசன் கிட்டத்தட்ட இருக்காது. அதை மட்டக்களப்பு வாவியிலோ குளத்திலோ திறந்துவிட்டால் மீன் சாகும். வாவியை நம்பி வலை வீசும் குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்து இன்னொரு பிழைப்பு உண்டாக்கக்கூடாது. சீமெந்துத் தொட்டியிலேயே ஊறப்போட்டு, வந்த நீரை நீர்த்துத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். கொஞ்சத்தை மிச்சம் வைத்து அடுத்த தொட்டியில் சேர்த்தால் நுண்ணுயிர் விரைவாகப் பெருகி, நாட்கள் குறையும். இன்னும் நல்ல வழி, பச்சைத் தண்டிலேயே பட்டையை உருவி, பட்டையை மட்டும் ஊறப்போடுவது. தண்ணீரும் தொட்டியும் பாதிக்கு மேல் மிச்சமாகும்.

## இயந்திரமும் லொறிக் கணக்கும்

வீட்டுத் தொழிலுக்குக் கையால் உரிக்கலாம். தொழிற்சாலைக்கு மூலப்பொருள் என்றால் நாரெடுக்கும் இயந்திரத் தொடர் வேண்டும். பல்லுருளைகள் தண்டை நசுக்கிச் சக்கையை நொறுக்கும். அடிப்பான் அதை உதிர்க்கும். சல்லடைகள் நார், சக்கை, தூசு என்று பிரிக்கும். தண்டின் ஈரம் 15%க்கு மேலிருந்தால் சக்கை நொறுங்காமல் வளையும், உருளையில் சுற்றிக்கொள்ளும். ஈரக் கட்டுகளை அடுக்கினால் உள்ளே சூடேறித் தீயும் பிடிக்கும்.

மணிக்கு 2 தொன் தண்டு உண்ணும் சிறிய தொடர் ஒன்றை எடுப்போம். நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் 4,000 தொன் தண்டு தேவை. ஐரோப்பிய விளைச்சலான ஹெக்டேயருக்கு 6 தொன் என்று வைத்தாலே 670 ஹெக்டேயர், அதாவது 1,650 ஏக்கர் வேண்டும். பகல் நீளக் குறையால் இங்கே பாதிதான் வரும் என்றால் 3,300 ஏக்கர். அதுவும் எல்லா அறுவடையும் ஒரே மாதத்தில் குவியும். ஆண்டு முழுதும் ஓட, மழை படாத களஞ்சியம் வேண்டும்.

அடுத்தது பாரம். உருண்டைக் கட்டாகக் கட்டிய தண்டு ஒரு கன மீற்றருக்கு 120 முதல் 150 கிலோதான். 25 கன மீற்றர் பெட்டியுள்ள லொறியில் மூன்றரைத் தொன் ஏறும். நெல் ஏற்றினால் இடம் நிரம்புமுன் பாரம் நிரம்பிவிடும். ஹெம்ப் தண்டு ஏற்றினால் பாரம் நிரம்புமுன் இடம் நிரம்பிவிடும். அந்த மூன்றரைத் தொன்னிலும் நார் ஏறத்தாழ ஒரு தொன்தான். வாகரையில் விளைந்ததைக் கொழும்புக்கு ஏற்றி அங்கே உரிப்பது கட்டுப்படியாகாது. ஹிங்குரான சீனித் தொழிற்சாலை ஏன் கரும்புத் தோட்டங்களின் நடுவே நிற்கிறது என்பதை அம்பாறை மக்கள் அறிவார்கள். ஏற்றிச் செல்லச் செலவு கூடிய, விலை குறைந்த மூலப்பொருளுக்கு ஆலை பக்கத்தில் இருக்கவேண்டும். ஹெம்ப்பும் அந்த வகை. ஆலை இல்லாமல் பயிர் மட்டும் வந்தால் தண்டு வயலோரத்தில் மக்கும்.

## எந்தத் தொழிலுக்கு எப்படிப்பட்ட நார்

கைத்தறி. மருதமுனையின் தறிகளுக்கு உள்ளூர் நூல் என்பது அழகான எண்ணம்; நடைமுறையில் இரண்டு தடை. நீள்நாரை மென்மையான நூலாக நூற்க, வெந்நீரில் பசையை இளக்கி நூற்கும் தனி இயந்திரங்கள் வேண்டும். அல்லது நாரை 25 முதல் 40 மி.மீ. துண்டுகளாக்கி, பருத்தியோடு கலந்து பருத்தி ஆலையில் நூற்கவேண்டும். அடுத்த தடை தறியில். பருத்தி நூல் அறுமுன் 6 முதல் 8% வரை நீளும். ஹெம்ப் நூல் 2% அளவே நீளும். பாவில், அதாவது நீளவாக்கு நூலில், போட்டால், மிதியை அழுத்தி நூல் பிரியும் ஒவ்வொரு முறையும் இழை அறும். அச்சுக்கு முன்னே நெசவாளர் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டிவரும். பாவு பருத்தியாக, குறுக்கே ஓடும் ஊடை மட்டும் ஹெம்ப் ஆக இருந்தால் நெய்யலாம். மேசை விரிப்பு, திரைச்சீலை, பை போன்றவற்றுக்கு அந்தக் கலவை மிகவும் ஏற்றது.

அச்சுப் பலகை. காரின் உட்கதவுப் பலகைக்கு நாரையும் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையையும் பாதிக்குப் பாதி கலந்து பாயாக்கி, 180 முதல் 200 பாகை வெப்பத்தில் அச்சில் அழுத்துவார்கள். 200 பாகையைத் தாண்டினால் நார் கருகும். சாதாரணக் காற்றில் நார் 8 முதல் 12% ஈரம் பிடித்திருக்கும். உலர்த்தாமல் அழுத்தினால் நீராவி பலகைக்குள் குமிழியாக நிற்கும். நமது கரையோர ஈரப்பதத்தில் உலர்த்தும் அறை கட்டாயம். கண்ணாடி நாரின் அடர்த்தி 2.5, ஹெம்ப் 1.5. எடை குறைவதுதான் கார்க் கம்பனிகளுக்கு இலாபம். இழுவலுவில் கண்ணாடி நாரே மேல். படகின் வெளி ஓட்டுக்கு ஹெம்ப் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சுவர். நமது இடத்துக்கு மிக நெருங்கிய பயன் இதுவே. சக்கையைச் சுண்ணாம்போடு குழைத்து அச்சுக்குள் இட்டு மெதுவாகத் தட்டி எழுப்பும் சுவர். ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 110 கிலோ சக்கை, 220 கிலோ சுண்ணாம்புக் கலவை, 300 லீற்றர் தண்ணீர். 10 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரம், 15 செ.மீ. தடிப்புள்ள சுவருக்கு அரைத் தொன் சக்கை போதும். வெயிலின் சூட்டை நன்றாகத் தடுக்கும். ஆனால்:

1. பாரம் தாங்காது. கூரையைத் தூணும் வளைமரமும் தாங்கவேண்டும்; இது இடைச்சுவர் மட்டுமே.
2. காய 4 முதல் 8 கிழமை. நவம்பரில் எழுப்பினால் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். ஏப்ரலுக்கும் செப்ரெம்பருக்கும் இடையில் கட்டவேண்டும்.
3. அத்திவாரத்துக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. கல் அல்லது கட்டைச் சுவர் வேண்டும். வெள்ளம் ஏறும் கிராமங்களில் அதற்கும் மேல்.
4. சீமெந்துப் பூச்சுப் பூசக்கூடாது. ஈரம் உள்ளே அடைபடும். சுண்ணாம்புப் பூச்சே பூசவேண்டும்.
5. முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு கிழக்குக் கரையில் முன்பு சாதாரணம்; கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டவிரோதம். சுண்ணாம்பு வெளி மாவட்டத்திலிருந்து வரவேண்டும்.

## சூழல் கணக்கு

ஒரு தொன் உலர் தண்டில் ஏறத்தாழ 45% காபன். அது காற்றிலிருந்து எடுத்த 1.65 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமன். இது உண்மை. ஆனால் பூட்டி வைத்திருக்கும் காலம் வரைக்கும்தான். சுவருக்குள் இருந்தால் பல பத்தாண்டு. காகிதமாகி எரிந்தால் சில மாதம். சுண்ணாம்பு சுடும்போது வெளியேறும் வாயுவையும், தண்ணீர் இறைத்த டீசலையும், உரத்தையும், லொறியையும் கழித்த பிறகுதான் மிச்சம் தெரியும். ஊறிய தண்ணீரை வாவியில் விட்டால் அந்த மிச்சத்துக்கு மதிப்பே இல்லை.

## கையில் ஏற்கெனவே உள்ள நார்கள்

ஹெம்ப் செய்யும் பல வேலைகளை, சட்டச் சிக்கல் இல்லாத பொருட்கள் இப்போதே செய்யும். கிழக்கின் நேரமும் பணமும் முதலில் போகவேண்டியது இவற்றில் என்பது என் உறுதியான கருத்து.

வைக்கோல். ஒரு தொன் நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு தொன் வைக்கோல் மிஞ்சும். அதில் ஒரு பகுதி வயலில் எரிகிறது. வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் எழுந்து, வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கியது. வைக்கோல் கூழில் உள்ள சிக்கல் சிலிக்கா. உலர் எடையில் 10% அளவுக்கு இருக்கும். காரத்தில் வேகவைக்கும்போது அது கரைந்து, வேகவைத்த பின் மிஞ்சும் கறுப்பு நீரை வற்றவைக்கும் குழாய்களில் கல்லாகப் படியும். அதனால் இரசாயனத்தை மீட்டெடுப்பது கடினம். மீட்காமல் விட்டால் செலவும் மாசும் கூடும். ஆகவே வைக்கோலைக் காகிதத்துக்குத் தள்ளுவதைவிட, அழுத்திய பலகைக்கும் முட்டைத் தட்டு, பொதியிடும் அட்டை போன்ற வெளுக்காத பொருட்களுக்கும் எடுப்பது நல்லது.

உமி. நெல்லின் எடையில் 20%. 700 பாகைக்குக் கீழ் கட்டுப்படுத்தி எரித்து அரைத்த சாம்பல், சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். சீமெந்தில் 10 முதல் 20% வரை மாற்றீடாகவும் போகும். ஆலை அடுப்பில் வரும் கறுப்புச் சாம்பலை அப்படியே போட்டால் இறுகாது: மிகுந்த சூட்டில் சிலிக்கா பளிங்காகிச் செயலிழந்திருக்கும், எரியாத கரியும் கலந்திருக்கும்.

சணல் பசளைச் செடி. நாருக்காகத் தொடங்க விரும்புபவருக்கு இதுவே சரியான பள்ளி. வரிசையில் ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை. இளங்காய் பிடிக்கும் பருவத்தில், 90 முதல் 100 நாளில் அறுவடை. ஊற 4 முதல் 7 நாள். இந்தியாவில் ஏக்கருக்கு 300 முதல் 400 கிலோ நார் எடுக்கிறார்கள். இதுவும் குறும்பகல் செடி. பெரும்போகத்தில் போட்டால் குட்டையாகவே பூக்கும். மார்ச், ஏப்ரலில் விதைப்பது நல்லது. விதை மாட்டுக்கு நஞ்சு; காய் முற்றிய செடியை மாடு மேயவிடக்கூடாது. இதன் வேர் நைதரசன் சேர்க்கும். நார் விலைபோகாத ஆண்டிலும் 45 நாளில் மடக்கி உழுதால் அடுத்த நெல்லுக்கு உரமாகும். இந்தப் பாதுகாப்பு ஹெம்ப்புக்கு இல்லை. ஊறப்போடும் தொட்டி, பரிசோதிக்கும் கை, உரிக்கும் இயந்திரம், வாங்கும் ஆள் என்று எல்லாமே இரண்டு பயிருக்கும் ஒன்றுதான். சட்டம் நாளை திறந்தால், அந்த வசதி உள்ள ஊரே முதலில் பயன்பெறும்.

## ஒப்பந்தத்தோடு ஒருவர் வந்தால்

1. அனுமதிப் பத்திரம் யார் பெயரில், எந்தக் காணிக்கு, எந்தத் திகதி வரை? வாய்ச்சொல்லும் கம்பனியின் கடிதமும் போதாது. பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் விசாரிக்கவேண்டும்.
2. விதையின் வகைப் பெயர், சான்று, 10 பாகை அகலக்கோட்டுக்குள் அது விளைந்த பதிவு உண்டா?
3. டி.எச்.சி. எல்லை தாண்டினால் நட்டம் யாருக்கு? இந்த வரி ஒப்பந்தத்தில் இல்லை என்றால் அது விவசாயிக்கே என்று பொருள்.
4. வாங்குவது எதை: பச்சைத் தண்டையா, ஊறி உலர்ந்த தண்டையா, உரித்த நாரையா? ஒவ்வொன்றின் விலையும் வேறு. ஊறப்போடும் வேலையும் தொட்டியும் யாருடையவை என்பதும் அதில் அடங்கும்.
5. உரிக்கும் ஆலை இப்போது எங்கே நிற்கிறது? கட்டப்போகிறோம் என்றால், அது ஓடத் தொடங்கிய பிறகு விதைக்கலாம்.
6. எடை எந்த ஈரத்தில் நிறுக்கப்படும்? 15% என்று எழுதி, ஈரமானியை விவசாயியின் முன்னிலையில் வைத்துப் பார்க்கவேண்டும். 25% ஈரத்தில் நின்ற ஒரு தொன் தண்டு 15%க்கு வரும்போது 880 கிலோவாகிவிடும். அந்த 120 கிலோவுக்கு யார் கணக்கு என்பதை அறுவடைக்கு முன்பே எழுதிக்கொள்ளவேண்டும்.